கையேடு தமிழில் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, சிறுதொழில் சங்கத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் காபித் தோட்ட உரிமையாளர் ஐயா அவர்களே, துறைத்தலைவர் அம்மா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த விழாக் குழுவினருக்குத் தனி நன்றி.

டெக்னிக்கல் ரைட்டர், அதாவது கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் கையேடு எழுதுகிற வேலைக்குப் போகிறவருக்கு மென்பொருள், பொருளறிவு, மொழி என மூன்றும் வேண்டும்.

முதலில் வேர்டில் ஸ்டைல் போடப் பழகுங்கள். தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கினால் பொருளடக்கம் தானாக வராது. ஹெடிங் ஸ்டைல் கொடுத்தால் வரும். அப்புறம் கையேடு தயாரிக்கும் மென்பொருள்களான பிரேம்மேக்கர், மேட்கேப் பிளேர். மென்பொருள் கம்பெனிகளில், மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு எழுத்து முறையும், திருத்தங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளும் தெரியுமா என்று கேட்பார்கள். எழுதிய ஒரு பகுதியையே பல கையேடுகளில் எடுத்தாள, 2005இல் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு தரமாக வெளியிட்ட டிட்டா (DITA) என்ற எழுத்து முறை இருக்கிறது. இத்தனையும் கற்றாலும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ மில், அதாவது குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலை. புதிதாகக் கிழங்கு அரவை மிஷின் வாங்கியிருந்தார்கள். கூடவே தலையணை கனத்துக்கு ஆங்கில மேனுவல். கிழங்கு சிக்கி மிஷின் உறுமுகிறது. பத்தாவது படித்த தம்பி ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். 'மூடியைத் திற, சிக்கியதை எடு' என்பதோடு பக்கம் முடிகிறது. தம்பி மூடியில் கை வைத்துவிட்டார். வயதான மேஸ்திரி பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார். "மெயின ஆஃப் பண்ணுனியாடா?" பக்கத்தைத் திருப்பினால், 'இதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்று அங்கே அச்சிட்டிருக்கிறது!

எச்சரிக்கை செயலுக்கு முன்னால் வரவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எழுதியவர் ஒரு நாள் அந்த மிஷின் பக்கத்தில் நின்றிருந்தால் இப்படி எழுதியிருப்பாரா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இதனால்தான் சொல்கிறேன். அந்த வரி தமிழில் இருந்திருந்தால் தம்பி எழுத்துக்கூட்டி நின்றிருக்கவும் மாட்டார். 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தோன்றிய ஊர் நம் சேலம். இங்கே குச்சிக்கிழங்கு அரைக்கிறவருக்கு அவர் மொழியில் கையேடு வேண்டாமா?

அதனால் தமிழ்99 விசைப்பலகையையும் உங்கள் மென்பொருள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். யுனிகோடில் அடியுங்கள், பழைய எழுத்துருவில் அடித்தால் தேடினால் கிடைக்காது.

முதல்வர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். இறுதியாண்டு புராஜெக்டாக ஒவ்வொரு மாணவரும் ஒரு மிஷினுக்குத் தமிழ்க் கையேடு எழுதட்டும். அதைத் தொழிலாளியிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்கட்டும். அவர் தடுமாறும் வரியைத் திருத்தட்டும். மில்களில் அனுமதி வாங்கித் தருவதாகச் சங்கத் தலைவர் தேநீர் வேளையில் என்னிடம் சொன்னார். அதை இந்த மேடையிலும் அறிவிக்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.