தண்ணி குடிச்ச எலி எங்க?

வணக்கம். வீட்டில, கடையில, வயல் வாடியில இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும். நான் கனகாலமா லேப்ல வெள்ளை எலியோட கிடந்த ஆள், அதால இண்டைக்குக் கதையும் எலிக்கதைதான்.

கல்லடியில எங்கட மாமி ஒராள், சீனி வருத்தக்காரி. கிளினிக் மருந்தும் எடுப்பா, கோவை இலைச் சுண்டலும் பாவக்காய்ச் சாறும் விடமாட்டா. "நீதானே எலிக்குக் குடுத்துப் பாக்கிறாய், கேக்குமா கேக்காதா, ஒரு வார்த்தையில சொல்லு மனே" எண்டு என்னைப் பிடிப்பா. ஒரு வார்த்தையில ஏலாது மாமி.

ஏனெண்டா அந்த எலிக்கு வருத்தத்த வரவைக்கிறதே நாங்கதான். ஸ்ட்ரெப்டோசோடோசின் எண்டு ஒரு மருந்து, மண்ணில வாழுற பக்டீரியா ஒண்டில இருந்து எடுத்தது, ஊசியால ஏத்தினா கணையத்தில இன்சுலின் சுரக்கிற செல்லுகள அழிச்சுப்போடும். அண்டு ராவு சீனி ஏறாது, விழும். செல் உடையக்குள்ள உள்ள இருந்த இன்சுலின் எல்லாம் ஒரேயடியா வெளிய வந்திரும், அதுக்குத்தான் போத்தில்ல குளுக்கோஸ் தண்ணி வைக்கிறது. மூணாம் நாள் போய்ப் பாத்தா போத்தில் காலி, கூட்டில போட்ட மரத்தூள் சொதசொதண்டு கிடக்கும். சீனிக்காரர் ராவில நாலுதரம் எழும்புறாங்களே, அதேதான். தூள் மாத்தி மாத்தியே என்ட நாரி போச்சு, அது வேற கதை.

மறுகா கேளுங்க. ஆரம்ப காலம், கோவை இலைச் சாறு குடுத்த எலிக்கு ரெண்டு கிழமையில சீனி நல்லா இறங்கிச்சு. எங்களுக்குச் சந்தோசம் தாங்கேலா, மருந்தக் கண்டுபிடிச்சிட்டம் எண்டு தேத்தண்ணியும் வாங்கிக் குடிச்சாச்சு. பிறகுதான் மற்றக் கூட்டுக் கணக்க எடுத்துப் பாக்கிறம், அதுகளுக்கும் வருத்தம் வரவைச்சதுதான், ஆனா சாறு இல்ல, வெறும் தண்ணி, அதே மழுங்கின ஊசியால தொண்டைக்குள்ள விட்டது, அதுகளுக்கும் இறங்கியிருக்கு! பயம்தான் காரணம். புதுக் கை பிடிச்சு, வாயில ஊசிய விட்டு, வால் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா எலிக்குப் பயத்திலயே சீனி ஏறும், கை பழகப் பழக இறங்கும். கிளினிக்கில மிஸ்ஸியக் கண்டவுடன நமக்குப் பிரஷர் ஏறுதே, அப்பிடி. அதுக்குப் பிறகு ஒரு கிழமை எலியச் சும்மா கையில தூக்கிப் பழக்காம ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கிறதில்ல. ஆராவது இந்த இலைக்குச் சீனி குறையுது எண்டு வந்தா நான் கேக்கிற முதல் கேள்வி, தண்ணி குடிச்ச எலி எங்க?

இன்னொண்டு. செல் அழிஞ்ச எலி, இன்சுலினே சுரக்காத முதலாம் வகைச் சீனி வருத்தத்துக்குக் கிட்ட. மாமிக்கு ரெண்டாம் வகை, இன்சுலின் இருக்கு, உடம்பு அதச் சரியாக் கேக்குதில்ல. அதால இப்ப எலிக்குக் கொழுப்புச் சாப்பாடு குடுத்து, கொழுக்க வைச்சு, பிறகு கொஞ்சமா ஊசி போடுறாங்க. அப்பவும் தண்ணி எலி வேணும், திருப்பித் திருப்பிச் சொல்றனெண்டு குறை நினைக்காதீங்க.

அளவும் அப்பிடித்தான். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் எண்டா, 60 கிலோ மனுசருக்கு 12 கிராம் எண்டு பெருக்கிப் போடாதீங்க. சின்ன உயிருக்கு உடம்பு ஓட்டம் வேகம், கிட்டத்தட்ட ஆறால பிரிக்கவேணும், ரெண்டு கிராம்தான் வரும். அதுவும் காய்ச்சி வத்தவைச்ச சாரம், பச்சை இலையில்ல.

ஆ... கண்ணாடிக்கு அங்கால விரல் காட்டுறாங்க, ஒரு நிமிசமாம். கோத்தல ஹிம்புட்டு எண்டு ஒரு மருந்துக் கொடி, அதிட மரக் கோப்பையில ராவுத் தண்ணி ஊத்திவைச்சுக் குடிக்கிற கதை இருந்தது, அது குடல்ல மாப்பொருள் உடையிறதப் பிந்தவைக்கிற சரக்கு, அதால சாப்பாட்டோடதான் வேலை... சரி, விடுவம். கிளினிக்கில குடுக்கிற மெட்ஃபோமின் குளிசைக்கும் பழைய மூலம் ஐரோப்பாவில ஒரு செடிதான், 1957ல பிரான்சில சீனிக்குக் குடுக்கத் தொடங்கினது, அதையும் விடுவம். மாமி, மருந்தோட சாறும் சேந்து சீனி கீழ விழுந்தா வேர்க்கும், கை நடுங்கும், சாறு குடிக்கிறதக் கிளினிக்கில டொக்டரிட்டச் சொல்லுங்க, ஏசினாலும் சொல்லுங்க. முடிஞ்சிதாம். வணக்கம்.