சுவத்துல ஏறுற விரல்

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட், மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்ச பெண்களோடதான் ரொம்ப வருஷமா என் வேலை.

பாக்க வர்றவங்க எல்லாரும் "தைரியமா இரு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க, நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா தழும்பைப் பாக்கப் பயந்து கண்ணாடிப் பக்கமே போகாம இருக்குற ஒருத்திக்கு அந்த வார்த்தை எத்தன நாள் தாங்கும் சொல்லுங்க?

ஆல்பர்ட் பாண்டுரான்னு ஒரு உளவியலாளர் 1977ல எழுதினார், "என்னால முடியும்"ங்கிற நம்பிக்கை நாலு வழியா வருதுன்னு. நாமளே செஞ்சு பாக்குறது, நம்மள மாதிரி இன்னொருத்தர் செய்றதைப் பாக்குறது, அடுத்தவங்க சொல்ற ஊக்கம், அப்புறம் அந்த நேரத்துல உடம்பும் மனசும் இருக்குற நிலை. இதுல பலமானது முதலாவதுதான். நாம என்னடான்னா மூணாவதை மட்டும் பிடிச்சுக்கிட்டிருக்கோம்!

ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் சரின்னதும் நாங்க ஒரு பயிற்சி குடுப்போம், சுவத்துக்கு எதிர்ல நின்னு விரலை நடக்க விடுற மாதிரி மெல்ல மெல்ல மேல ஏத்தணும், எட்டின இடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டுக்கணும். முதல் நாள் தோள் வரைக்கும்கூட வராது, இழுக்கும், அழுகை வரும். நாள் போகப் போக கோடு மேல ஏறும், நடுவுல சில நாள் இறங்கவும் செய்யும், பரவாயில்ல. அந்தக் கோட்டை யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல, அவங்க கையே போட்டது. வாக்கிங்கும் அப்படித்தான், வாரத்துக்கு 150 நிமிஷம்னு கேட்டதுமே மலைச்சுடாதீங்க, 5 நிமிஷத்துல ஆரம்பிங்க.

அக்குள்ல நிணநீர் முடிச்சு, அதாவது உடம்புல ஊறுற நிணநீரை வடிகட்டுற சின்னச் சின்ன முடிச்சு, எடுத்தவங்களுக்கு அந்த நீர் தேங்கிக் கை வீங்கிடுமோன்னு பயம், அதனால அந்தக் கையை அசைக்காமலே வச்சிருப்பாங்க. முன்னாடி நாங்களே வெயிட் தூக்காதீங்கன்னுதான் சொல்லிட்டிருந்தோம். 2009ல வந்த ஒரு ஆய்வுல, ஏற்கனவே வீக்கம் இருந்த பெண்கள் மேற்பார்வையோட படிப்படியா எடை தூக்கினப்போ வீக்கம் கூடல. ஆனா திடீர்னு வீங்கினாலோ சிவந்து காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.

இரண்டாவது வழிக்கும் ஒரு கதை இருக்கு. 1952ல அமெரிக்கால டெரீஸ் லாசர்னு ஒரு அம்மா, தனக்கு ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் அதே மாதிரி ஆபரேஷன் ஆனவங்களைத் தேடிப் போய்ப் பேச ஆரம்பிச்சாங்க. இதே வலியைத் தாண்டின ஒருத்தி எதிர்ல உக்காந்து கையைத் தூக்கிக் காட்டுறதுக்கு ஈடா நான் எவ்வளவு பேசினாலும் வராதுங்க.

இன்னொண்ணு, "நீ சரியா பாசிட்டிவா இல்ல, அதான் உடம்பு தேறல"ன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லிடாதீங்க. பரவின புற்றுநோய் இருந்த பெண்களை வச்சு 2001ல வெளிவந்த பெரிய ஆய்வு, குழுவா உக்காந்து மனசு விட்டுப் பேசுறது ஆயுளைக் கூட்டல, மனவேதனையையும் வலியையும் குறைச்சதுன்னு காட்டுச்சு. வேதனை குறையுறது சின்ன விஷயமா? அழணும்னா அழட்டும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் இல்லாம எதுலயும் பிடிப்பே இல்லாமப் போனா மட்டும் மனநல டாக்டரைப் பாருங்க.

வீட்டுல இருக்குறவங்களே, இன்னிக்கு அவங்ககிட்ட போய் "கோடு எங்க வந்திருக்கு, காட்டு"ன்னு கேளுங்க.