பத்து சென்ரிமீற்றர் தொலைநோக்கியும் தொலைதூரக் கோள்களும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பாடசாலை அதிபர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் பாராமல் வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் பெற்றோரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அன்போடு வரவேற்றுப் பொன்னாடை போர்த்திய சங்கத்தாருக்கு நன்றி.

மூன்று விடயங்கள் பேச வந்தேன். சூரியக் குடும்பத்துக்கு அப்பால், வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அங்கே உயிர் வாழ முடியுமா? இதில் நம் பிள்ளைகளின் பங்கு என்ன?

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். 1999 செப்டெம்பர். அமெரிக்காவின் போல்டர் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடம். டேவிட் சார்போனோ என்ற கனடிய மாணவர் அங்கே வானத்தைப் படம் பிடிக்கிறார். தொலைநோக்கியின் வாய் எவ்வளவு பெரிது தெரியுமா? பத்து சென்ரிமீற்றர்! இந்த மேசையிலுள்ள செம்பின் வாயளவு. எச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தை ஒரு கோள் 3.5 நாளுக்கொரு தடவை சுற்றுகிறது என்பதை, கோளின் ஈர்ப்பால் அந்த நட்சத்திரத்துக்கு ஏற்படும் தள்ளாட்டம் காட்டியிருந்தது. கோள் குறுக்கே போனால் ஒளி குறைய வேண்டுமல்லவா? குறைந்தது! ஏறக்குறைய மூன்று மணி நேரம், 1.5 சதவீதத்துக்குச் சற்று மேல். ஏழு நாள் கழித்து, அதாவது இரண்டு சுற்று முடிந்து, மறுபடியும் அதே குறைவு. வேற்றுக் கோளொன்றின் முழுக் கடப்பை முதன்முதலாக அளந்தது அந்தச் சிறு கருவிதான். தள்ளாட்டம் நிறையைச் சொன்னது, மறைப்பு பருமனைச் சொன்னது. இரண்டையும் சேர்த்தபோது, அது தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த வாயுக்கோளம் என்று தெரிந்தது. துரும்பு பல் குத்தியது மட்டுமல்ல, ஒரு கோளையே நிறுத்துக் காட்டியது!

உயிர் பற்றி. தொலைவிலிருந்து பார்த்தால், பூமி சூரியனை மறைக்கும்போது குறையும் ஒளி 0.008 சதவீதந்தான். ஆகவே சிறிய செந்நிற நட்சத்திரங்களிடம் தேடுகிறார்கள்; நட்சத்திரம் சிறிதானால் அதே கோள் கூடுதல் பங்கு ஒளியை மறைக்கும். 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிரப்பிஸ்ட்-1 என்ற அத்தகைய நட்சத்திரத்தின் ஏழு கோள்களில் குறைந்தது மூன்று, திரவ நீர் நிற்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. தூரம் மட்டும் போதாது, காற்று வேண்டும். அந்த நட்சத்திரத்தின் சீற்றம் காற்றை அரித்துவிடக்கூடும். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது, மிக உள்ளேயிருக்கும் கோளில் தடித்த வளிமண்டலம் தென்படவில்லை. இன்னும் சொல்ல ஆசைதான், ஆனால் அதிபர்கள் எழுந்து போகுமுன் மூன்றாவதைச் சொல்லிவிட வேண்டும்.

பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் தொலைநோக்கி பூட்டியிருந்தால் அதைத் திறந்து விடுங்கள். செப்டெம்பர் முன்னிரவில் எச்.டி. 189733 என்ற நட்சத்திரம் கொழும்புக்கு மேலே உயரமாக நிற்கும். அதன் கோள் 2.2 நாளுக்கொரு தடவை கடந்து, ஒளியை 2.4 சதவீதம் குறைக்கிறது. கடப்பு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. முன்னும் பின்னும் முக்கால் மணி நேரம் சேர்த்துப் படமெடுங்கள். நட்சத்திரத்தைத் தொடரும் மோட்டர் தாங்கியும் ஒரு கமெராவும் வேண்டும். படம் ஜேபெக்கில் வேண்டாம், அது ஒளியளவைக் கெடுத்துவிடும். கமெரா சுருக்காத மூலப் பதிவான ரோ கோப்பாக எடுங்கள். குவியத்தைச் சற்றுக் கலைத்தால் ஒளி கமெரா உணரியின் பல புள்ளிகளில் பரவும், எதுவும் நிரம்பி வழியாது. அதே படத்திலுள்ள, ஒத்த பிரகாசமுள்ள நட்சத்திரத்தோடு ஒப்பிடுங்கள். மெல்லிய முகில் இரண்டையும் சேர்த்தே மங்கச் செய்யும், விகிதம் பெரிதாக மாறாது. கடற்கரை ஈரத்தில் வில்லையில் பனி படிந்தால்தான் ஆபத்து. ஒளி மெல்ல மெல்லக் குறைய, பிள்ளைகள் அதையே கோள் என்று நம்பிவிடுவார்கள். வில்லைக்கு முன்னே நீண்ட மட்டைக் குழாய் சுற்றுங்கள்.

பழைய மாணவர் சங்கங்களே, பெயர்ப்பலகைக்கும் விருந்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்த மோட்டர் தாங்கிக்குத் தாருங்கள். சிறு துரும்பைத்தான் கேட்கிறேன். அதிபர்களே, மாதம் இரண்டு இரவுகள் மொட்டைமாடிச் சாவியைப் பொறுப்பான ஆசிரியரிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.