வளைவு பொருந்தினால் போதுமா?

அவையோருக்கு வணக்கம். நேரம் குறைவு என்று தலைவர் சொல்லிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்: கார்பன் நானோகுழாய் வாயு சென்சார்களுக்கு நாம் எழுதும் கணித மாடல்களைப் பற்றியது என் பேச்சு.

2000-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ஹாங்ஜி டாய் குழுவினர், ஒற்றைக் கார்பன் நானோகுழாயை, அதாவது கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாயை, இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே கிடத்தி, அடியிலுள்ள சிலிக்கானையே கேட்டாக (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையாக) வைத்து ஒரு டிரான்சிஸ்டர் செய்தார்கள். 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டதும் மின்கடத்தல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஏறியது. அம்மோனியா பட்டபோது நூறு மடங்கு இறங்கியது. அத்தனையும் அறை வெப்பத்தில்! வழக்கமான உலோக ஆக்சைடு சென்சார்கள் 200 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும்.

காற்றுபட்ட குழாயில் மின்னோட்டத்தைச் சுமப்பவை ஹோல்கள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு எலக்ட்ரானைப் பிடுங்குகிறது, ஹோல்கள் பெருகுகின்றன. மூலக்கூறு ஒன்றுக்குச் சுமார் 0.1 எலக்ட்ரான் என்கிறது குவாண்டம் கணக்கு. இதைத்தான் மாடலில் எழுதுகிறோம்: மின்னூட்டம் இடம் மாறினால் டிரான்சிஸ்டரின் திரெஷோல்ட் வோல்டேஜ், அதாவது அது மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கும் கேட் வோல்டேஜ், நகரும். அந்தச் சோதனையில் 4 வோல்ட் நகர்ந்தது. நகர்வை ஓர் எண்ணாகப் போட்டு, கொஞ்சம் இப்படி அப்படித் திருகினால், கேட் வோல்டேஜுக்கு மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று காட்டும் நம் வளைவு சோதனை வளைவின் மேல் அச்சாக உட்காரும். ஆய்வேடும் தயார்.

எனக்கு உறுத்துவது அங்கேதான். வாயு குழாயின் உடம்பில் ஒட்டுகிறதா, உலோகம் குழாயைத் தொடும் இடத்தில் ஒட்டுகிறதா? அந்த முனையில் ஷாட்கி தடை ஒன்று இருக்கிறது; மின்னூட்டம் உலோகத்திலிருந்து குழாய்க்குள் போகத் தாண்டவேண்டிய ஆற்றல் மேடு அது. அதன் உயரம் சற்றே மாறினாலும் மின்னோட்டம் பல மடங்கு மாறும். ஒரே ஒரு கேட் வோல்டேஜில் மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டு மாடலும் பொருந்தும். கேட் வோல்டேஜை முழு வீச்சிலும் மாற்றிப் பாருங்கள். உடம்பு காரணமென்றால் வளைவு வடிவம் மாறாமல் பக்கவாட்டில் நகரும். முனை காரணமென்றால் சாய்வும் உச்ச மின்னோட்டமும் மாறும். முனைகளைப் பாலிமரால் மூடிவிட்டு மறுபடி வாயுவைச் செலுத்தினால் இன்னும் தெளிவு. அந்தச் சோதனைக்கான விடையை முன்கூட்டிச் சொல்ல முடியாத மாடலை நான் மாடலாகவே எண்ணுவதில்லை.

அம்மோனியாவோ இன்னும் வம்பு. அது வெறும் குழாயோடு வலுவாக ஒட்டாது என்கிறது அதே குவாண்டம் கணக்கு. பிறகு அந்த நூறு மடங்கு எங்கிருந்து வந்தது? அடியிலுள்ள சிலிக்கா, அதில் படிந்த ஈரம் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பல மாடல்களில் ஈரமே கிடையாது.

நேரம் என்பதும் அநேகமாகக் கிடையாது. நைட்ரஜன் டை ஆக்சைடை நிறுத்திய பிறகு அந்தக் குழாய் பழைய நிலைக்கு வரச் சுமார் 12 மணி நேரம் ஆனது. சூடாக்கினால் ஒரு மணி நேரம். வாயு குழாயோடு ஒட்டியிருக்கும் பிணைப்பு ஆற்றல் அடுக்குக்குறியில் வருவதால், அது சற்றே மாறினாலும் வாயு விடுபடும் வேகம் பல மடங்கு மாறும். அறை வெப்பத்தில் அந்த ஆற்றலை 0.1 எலக்ட்ரான் வோல்ட் தவறாகக் கணக்கிட்டால், மீளும் நேரம் ஐம்பது மடங்குவரை பிசகிவிடும். மூலக்கூறுகளுக்கிடையிலான மெல்லிய ஈர்ப்பான வான்டர்வால்ஸ் விசையைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே அந்த 0.1 வந்துவிடுகிறது.