ஃப்ரேம் கடையில பொறந்த கேலரி

வணக்கம் நேயர்களே. மாடர்ன் ஆர்ட் கேலரின்னாலே பணக்காரங்க சமாச்சாரம், ஏசி ரூமு, வெள்ளைச் சுவரு, நமக்கு அங்க என்ன வேலைன்னு ஒதுங்கிடுவோம்ல. ஆனா மும்பையில இருக்கிற கெமோல்ட் கேலரி, படத்துக்கு ஃப்ரேம் போடுற ஒரு வியாபாரத்துல இருந்து வந்தது.

கேக்கூ காந்தின்னு ஒரு பார்சிக்காரரு. காந்தின்னதும் மகாத்மாவுக்கு சொந்தமான்னு கேக்காதீங்க, அது பார்சிங்கள்லயும் இருக்கிற குடும்பப் பேருதான். கேம்பிரிட்ஜ்ல படிச்சிட்டிருந்தவரு ஊருக்கு வந்த நேரம் ரெண்டாம் உலகப்போர் வந்துருச்சு, திரும்பிப் போக வழியில்ல. இங்கயே ஒரு பெல்ஜியம்காரரோட பழக்கமாகி 1941-ல ஃப்ரேம் பண்ற தொழில்ல இறங்கிட்டாரு. அப்புறம் பிரின்சஸ் ஸ்ட்ரீட்ல கடை. வெறும் ஃப்ரேமை மாட்டி வச்சா யாரு நின்னு பாப்பா? அதனால கடையோட கண்ணாடி ஜன்னல்ல ஆரா, ஹெப்பார், ஹுசேன்னு ஓவியர்களோட படங்களை வச்சாரு. ஆரா அதுக்கு முன்னாடி வீட்டு வேலை பாத்தவரு, ஹுசேன் சினிமா பேனர் வரைஞ்சவரு, அன்னிக்கு இவங்க படத்தை காசு குடுத்து வாங்க ஆளே கம்மி. நாஜிகளுக்குத் தப்பி பம்பாய் வந்து சேந்த லாங்ஹாமர், ஷ்லெசிங்கர் மாதிரி ஐரோப்பியர்கள்தான் இவங்களுக்குத் தோள் குடுத்தாங்க.

1952-ல ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி வந்துச்சு, அதுக்கு அலைஞ்சவங்கள்ல கேக்கூவும் ஒருத்தர். 1963-ல அதே கட்டடத்து மாடியில சின்ன இடம் புடிச்சு கேலரி கெமோல்ட். கூடவே மனைவி கோர்ஷெத். கேலரியை அன்னாடம் கட்டி மேய்ச்சது அந்தம்மாதான், ஆனா பேரு என்னமோ கேக்கூவுக்குத்தான் அதிகம், வழக்கம்போல!

எனக்கென்னமோ ஃப்ரேம்ல வந்த காசுதான் இவங்களைத் தாங்குச்சுன்னு தோணுது. படம் விக்கலைன்னாலும் அடுப்பு எரியும்ல. அதனாலதான் பரோடாவுல கணக்கு எழுதிக்கிட்டே வரைஞ்ச பூபேன் கக்கர் மாதிரி ஆளுங்களையும், மண் சுவத்துல அரிசி மாவுல வரையிற வார்லி பழங்குடி ஜிவ்யா சோமா மாஷேவையும் 70-கள்லயே அந்த மாடிக்குக் கொண்டுவர முடிஞ்சுது.

1988-ல மக ஷிரீன் பொறுப்பெடுத்தாங்க. அடுத்த வருஷமே ஓவியர் அதுல் தோதியாவோட முதல் தனிக் கண்காட்சி. அப்புறம் நளினி மலானி, விவான் சுந்தரம்னு வீடியோ, இன்ஸ்டலேஷன் (பொருள்களை வச்சு ஒரு இடத்தையே கலைப்படைப்பா அமைக்கிறது) எல்லாம் வர ஆரம்பிச்சுது, அந்தச் சின்ன மாடி எப்படிப் பத்தும்? 2007-ல ஃபோர்ட் ஏரியா பிரெஸ்காட் ரோட்டுல பெரிய இடத்துக்கு மாறிட்டாங்க. கேக்கூ 2012-ல போய்ச் சேந்தாரு, கோர்ஷெத் அடுத்த வருஷம். ஃப்ரேம் வித்த குடும்பம், இப்போ காட்டுறதுல பாதி ஃப்ரேமே போட முடியாத ஐட்டம்!