திரைக்குப் பின்னால் இருந்தவர் முன்னால் வந்து உட்கார்ந்தால்

(இரண்டாவது சூப்பர் மாரியோ படம் வெளிவருவதற்கு முன், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசகசாலைப் பொறுப்பாளர்களே, எருத்தேம்பதியிலிருந்தும் வடகரப்பதியிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெரியவர்களுக்கு முன்பே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ கேம் பாத்திரங்களை வைத்து எடுக்கும் ஒரு அனிமேஷன் படத்துக்கு ஆண்டு விழா மேடையில் ஒரு சொற்பொழிவா என்று அழைப்பிதழைப் பார்த்த பெரியவர்கள் சிலர் கேட்டதாக அறிந்தேன். 2023 ஏப்ரலில் வெளியான சூப்பர் மாரியோ படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதன் தொடர்ச்சியாக, ‘சூப்பர் மாரியோ கேலக்ஸி’ என்னும் விளையாட்டைத் தழுவிய இரண்டாவது படம் 2026 ஏப்ரலில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். பள்ளி அடைக்கும் நேரத்தில் வருகிற அந்தப் படத்துக்கு அழைத்துப் போகச் சொல்லி முன்வரிசையில் இருப்பவர்கள் இப்போதே வீட்டில் மனுப் போட்டுவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆவலாக இருப்பது குழந்தைகள் மட்டும்தானா என்றால், இல்லை. பின்வரிசையில் நாற்பதை நெருங்கும் தகப்பன்மார் சிலர் அவர்களைவிட ஆவலாக இருக்கிறார்கள். வெளியே சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கூச்சத்துக்குக் காரணமான கறுப்புப் பெட்டியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் நுழைந்தது அது. ஜப்பானிய நிறுவனமான நின்டென்டோவின் பெட்டியைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல். ஆன்டெனா செருகும் துளையில் அதன் ஒயரைச் செருகி, பனித்துளி போலப் புள்ளிகள் ஓடும் சேனலைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். ‘9999 விளையாட்டுகள்’ என்று மேலே அச்சிட்ட கேசட்டுக்குள் உண்மையில் இருப்பவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். மற்றவை எல்லாம் அவையே வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருபவை. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி அதன் பல்வரிசையில் ஓங்கி ஊதிவிட்டு மறுபடி செருகுவார்கள். அடாப்டர் தொட முடியாத சூட்டுக்கு வந்ததும் அம்மா வந்து பிளக்கைப் பிடுங்குவார். அந்தக் காலத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நின்டென்டோ என்ற பெயரே தெரியாது. மாரியோவைத் தெரியாதவர் எவரும் இல்லை.

அந்த மாரியோவின் முகம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் திரைப்படத்தைப் பற்றிய என் ஐயங்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கின்றன. 1981-இல் ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளம் வடிவமைப்பாளர், ஏணிகளிலும் இரும்புச் சட்டங்களிலும் ஏறிப் போய் ஒரு குரங்கிடமிருந்து பெண்ணை மீட்கும் ஆட்டம் ஒன்றை உருவாக்கினார். அதில் குதித்து ஓடும் ஆளுக்கு அப்போது மாரியோ என்ற பெயர்கூட இல்லை; தலை முதல் கால் வரை அவனை வரையக் கிடைத்த இடமோ, பக்கத்துக்குப் பதினாறு புள்ளிகள் கொண்ட ஒரு சிறு கட்டம். வாயை வரைய இடமில்லாததால் மீசை வந்தது. ஓடும்போது தலைமுடி அசைவதைக் காட்ட வழியில்லாததால் தொப்பி வந்தது. கை வீசுவது உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்பதால் வேறு நிறத்தில் வார் வைத்த கால்சட்டை வந்தது. இவன் யார், எந்த ஊர், இவனுக்கு என்ன துக்கம் என்று யாரும் யோசித்து இந்த உருவம் பிறக்கவில்லை. 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் கதையும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும்: ஆமைக் கூட்டத்தின் அரசன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், போய் மீட்டுவர வேண்டும். எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம். ஏழு கோட்டைகளை உயிரைக் கொடுத்துத் தாண்டினாலும் இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று ஏழு முறையும் ஒரே பதில்தான் கிடைக்கும்.

இவ்வளவு மெலிந்த கதையை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு எப்படிக் கோடிக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்டது? அதன் முதல் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். ஆள் இடப்புறம் நிற்கிறான். வலப்புறம் முழுவதும் வெறுமையாக இருப்பதால் அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லாமலே கட்டைவிரலுக்குப் புரிந்துவிடுகிறது. எதிரே காளான் மாதிரி முறைத்த முகத்தோடு ஒன்று நடந்து வருகிறது. சும்மா நின்றால் அது மோதி ஒரு லைஃப் போய்விடும். அடுத்த முறை குதிக்கிறோம். தற்செயலாக அதன் தலைமேல் விழுந்தால் அது நசுங்குகிறது, அல்லது மேலே மின்னும் கேள்விக்குறிப் பெட்டியில் தலை இடித்து ஒரு காசு வெளியே வருகிறது. ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு பாடம் முழுதாக நடந்து முடிகிறது. ஆசிரியர் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இதை நான் பொறாமையோடுதான் சொல்கிறேன். கதை என்பது அங்கே விழுந்து எழுந்த நம்முடைய கதை. மாரியோ நமக்குக் கிடைத்த உடம்பு.

நம் மாவட்டத்துப் பகவதி கோயில்களில் நிழற்பாவைக் கூத்துக்கென்று கட்டிய கூத்துமாடம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தோல்பாவைக்கூத்தில், 21 விளக்குகள் வரிசையாக எரிய, வெள்ளைத் திரையில் இராமனின் நிழல் விழுகிறது. பாவை மான்தோலில் வெட்டியது. அதற்கு அசையும் உறுப்பு பெரும்பாலும் ஒரு கைதான். முகபாவம் மாறாது. ஆனால் திரைக்குப் பின்னால் நிற்கும் புலவர் கம்பன் பாட்டைச் சொல்லி, ஒரு பாட்டுக்கு நள்ளிரவு தாண்டியும் பொருள் விரித்துக்கொண்டே போவார். எதிரே கேட்க ஆள் இல்லாவிட்டாலும் நிறுத்த மாட்டார், ஏனெனில் இராம–இராவணப் போரைக் காணத் தவறிய பகவதிக்காக நடப்பது அது. பாவையின் உயிர் முழுவதும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. வீடியோ கேம் ஆடுகிறவர் இருக்கும் இடமும் அதுதான். கையில் பாவையை வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவரை, ‘இனி நீங்கள் முன்னால் போய் உட்காருங்கள், பாவையை நாங்கள் ஆட்டுகிறோம்’ என்று சொல்வதே இந்த வகைத் திரைப்படம். அப்படி இடம் மாற்றிய பிறகு அவர் கையில் எதைக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதே நான் கேட்கும் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எடுத்த படங்கள் என்ன ஆயின என்பதற்கு வரலாறு உண்டு. 1993-இல் உண்மையான நடிகர்களை வைத்து எடுத்த முதல் மாரியோ படம், விளையாட்டின் வண்ணங்களை எல்லாம் துடைத்துவிட்டு இருண்ட நகரமும் டைனசார்களின் வழித்தோன்றல்களுமாக ஒரு வினோத உலகத்தைக் கட்டியது, ஏறத்தாழ 4.8 கோடி டாலர் செலவழித்து அமெரிக்காவில் அதில் பாதிகூடத் திரும்பவில்லை. நின்டென்டோ சூடுபட்ட பூனையாகி, மாரியோவை மறுபடி வெள்ளித்திரைக்கு அனுப்ப முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2001-இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ விளையாட்டுத் தொடரின் பெயரில் வந்த அனிமேஷன் படம் வேறு விதமாகச் சறுக்கியது. நிஜ மனிதர்களைப் போன்ற உருவங்களைக் கணினியிலேயே படைக்க வேண்டும் என்ற வெறியில் ஹவாய்த் தீவில் தனி ஸ்டூடியோ அமைத்து, கதாநாயகியின் தலைமுடியை இழை இழையாக அசைத்தார்கள்; விளையாட்டை ஆடியவர்களோ தங்களுக்குத் தெரிந்த எதையும் அதில் காணவில்லை. 13.7 கோடி டாலர் விழுங்கிய படம் 8.5 கோடி அளவில் நின்றது, ஸ்டூடியோவை மூடினார்கள். பதினாறு புள்ளிக் கட்டத்துக்குள் நின்ற ஆளுக்கு உயிர் கொடுத்தவர்கள் நாம். அறுபதாயிரம் முடி இழைக்கு உயிர் வரவில்லை.

2012-இல் டிஸ்னி எடுத்த ‘ரெக்-இட் ரால்ஃப்’ வரும்போதும் ஐயம் இருந்தது. பழைய விளையாட்டுப் பாத்திரங்களை இரவல் வாங்கி வரிசையில் நிறுத்திக் கைதட்டு வாங்கப்போகிறார்கள் என்றே பலர் எண்ணினார்கள். படமோ கெட்டிக்காரத்தனமாக, புகழ்பெற்றவர்களை ஓரத்தில் வைத்துவிட்டு, தானே புதிதாகப் படைத்த ஒரு வில்லனை நடுவில் வைத்தது. முப்பது ஆண்டாகக் கட்டடத்தை இடித்து இடித்துச் சலித்துப்போன அவன், மற்ற வில்லன்களோடு வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற காட்சியில் மாரியோவின் எதிரி பவுசரும் உட்கார்ந்திருப்பான். மாரியோ படத்திலேயே இல்லை. என் கருத்தில் இந்த வகையில் வந்தவற்றுள் சிறந்தது இன்றும் அதுதான். நம் நினைவில் யாரும் ஆட்டியிராத பாவையை எடுத்து ஆடியதால் அதற்குச் சுதந்திரம் கிடைத்தது.

2019-இல் சோனிக் என்னும் நீல முள்ளெலிக்கு மனிதப் பல்வரிசையை வைத்து முன்னோட்டம் வெளியிட்டபோது எழுந்த கூச்சலில், உருவத்தையே மாற்றி வரைந்து படத்தை அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தார்கள். ரசிகர் சொல்லைக் கேட்டதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லாத் தயாரிப்பாளர்களும் ரசிகர் கோபத்துக்கு அஞ்சத் தொடங்கிவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2023-இன் மாரியோ படத்தில் அந்த அச்சம் தெரிந்தது. இம்முறை மியாமோட்டோவே தயாரிப்பாளர்களில் ஒருவராக அமர்ந்தார்; மினியன்களைத் தந்த இல்லூமினேஷன் நிறுவனம் படைத்தது. ஒரு தொப்பியின் தையல்கூடப் பிசகாத படம் அது. புருக்ளினில் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மாரியோவும் தம்பி லூயிஜியும் கட்டுமானத் தளம் ஒன்றைத் தாண்டித் தாவி ஓடும்போது, கேமரா பக்கவாட்டில் இடமிருந்து வலமாக அவர்களோடு ஓடும். அந்த ஒரு நிமிடம் என் கட்டைவிரல் தானாக அசைந்தது. பீச் இளவரசியின் பயிற்சிக் களத்தில் மாரியோ விழுந்து, அடிபட்டு, மறுபடி ஏறி, மறுபடி விழும் காட்சியும் விளையாட்டின் சாரத்தைப் பிடித்தது. மீதிப் படம் விழக்கூட நேரம் தராமல் ஓடியது. விளையாட்டுக்கு இசையமைத்த கோஜி கோண்டோவின் மெட்டுகளை அழகாக இசைக்குழுவில் வாசித்துக்கொண்டே வந்தவர்கள், நடுநடுவே எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகளை ஏன் செருகினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி வரப்போகும் படத்துக்கு வருகிறேன். 2007-இல் வந்த ‘கேலக்ஸி’ விளையாட்டு தன் முன்னோர்களைவிடக் கடினமான வேலையைத் திரைப்படத்துக்கு வைத்திருக்கிறது. அதில் மாரியோ சிறுசிறு கோள்களின்மேல் ஓடுகிறான். நேரே ஓடிக்கொண்டே இருந்தால் கோளின் அடிப்பக்கம் வந்து தலைகீழாகத் தொங்குவான், ஆனால் விழமாட்டான். எது மேல், எது கீழ் என்று கை ஒரு நொடி தடுமாறிப் பிறகு பழகுவதுதான் அதன் இன்பம். திரையரங்கில் அந்தத் தடுமாற்றத்தைக் கேமரா நமக்குப் பதிலாகப் பட்டுவிடும். முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் கொஞ்சம் தலைசுற்றல் கிடைக்கலாம், அது வேறு அனுபவம்.

எனக்குள்ள பெரிய ஆவலும் பெரிய ஐயமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அந்த விளையாட்டில் ரோசலீனா என்னும் பெண், வால்மீன் மேல் அமைந்த வானாய்வுக்கூடம் ஒன்றில், லூமா எனப்படும் குட்டி நட்சத்திரங்களுக்குத் தாயைப் போல இருக்கிறாள். அங்கே ஒரு நூலகம் உண்டு. மாரியோ நட்சத்திரங்களைச் சேர்க்கச் சேர்க்க, அந்த நூலகத்தில் அவள் ஒரு படக்கதைப் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் காட்டுவாள். அந்தக் கதையில், தாய்க்காகக் காத்திருக்கும் ஒரு லூமாவைச் சந்தித்து, அதற்குத் துணையாக ஒரு சிறுமி விண்வெளிக்குப் போகிறாள். போன இடத்தில் தன் வீட்டை நினைத்து ஏங்கி அழும்போது, தன் தாய் குன்றின்மேல் மரத்தடியில் உறங்குகிறாள், இனி அங்கே திரும்பினாலும் காண முடியாது என்று உணர்கிறாள். அந்தச் சிறுமி ரோசலீனாவே. வேண்டியவர் மட்டும் அந்த அறைக்குள் போய்க் கேட்கலாம். வேண்டாதவர் கேட்காமலே விளையாட்டை முடிக்கலாம். அப்படி ஓரமாக, யாரையும் வற்புறுத்தாமல் இருந்ததால்தான் அந்தக் கதைக்கு அவ்வளவு கனம்.

திரைப்படத்தில் ஓர அறை கிடையாது. வைத்தால் எல்லோரும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வெட்ட வேண்டும். ரோசலீனாவும் பவுசரின் மகனும் படத்தில் இருக்கிறார்கள் என்பதை முன்னோட்டம் காட்டிவிட்டது. இயக்குநர்கள் ஆரன் ஹோர்வாத், மைக்கேல் ஜெலெனிக் இருவரும், எழுத்தாளரும் முதல் படத்தில் இருந்தவர்களே. இரண்டு நிமிடம் அமைதியாக இருக்கக் கூச்சப்பட்ட அந்தக் குழு, ஒரு சிறுமி தன் தாய் இறந்ததை உணரும் கணத்தை அவசரப்படாமல் காட்டுமா? காட்டினால், திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர் கையில் கொடுக்க ஒன்று கிடைத்துவிட்டது என்று ஒப்புக்கொள்வேன். சண்டைக்கும் சிரிப்புக்கும் நடுவே அதை ஒரு வரி வசனமாக்கிக் கடந்துவிடுவார்கள் என்றுதான் என் உள்மனம் சொல்கிறது. ஒசாகாவிலும் அமெரிக்காவிலும் மாரியோவை வைத்துப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் நடத்துகிறவர்களுக்குத் துக்கத்தைவிடத் தொப்பி நன்றாக விற்கும்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டுகளில் பல்லாண்டு மாரியோவாகப் பேசிய சார்லஸ் மார்டினெட்டை விட்டுவிட்டு நடிகர் கிறிஸ் பிராட்டை அமர்த்தியதற்கு 2021-இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நம் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. தமிழில் மொழிமாற்றம் செய்து வந்தால் அவர்கள் கேட்கப்போவது சென்னையில் பேசிய குரல். அங்கே எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: பவுசர் வாயில் நம் கதாநாயகர்களின் பஞ்ச் வசனங்களைத் திணிக்காதீர்கள். திரையரங்கு முதல் நாள் சிரிக்கும். ஆனால் காதலுக்காகப் பியானோ முன்னால் உட்கார்ந்து உருகிய அந்த ஆமை அரசனுக்கு அவனுக்கென்றே ஒரு அசட்டுத்தனம் இருக்கிறது, அதை இழந்துவிடுவோம்.

பாலக்காட்டில் தமிழ்ப் பதிப்பு வராவிட்டால் எல்லை தாண்டிக் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டியிருக்கும்; வேன் வைப்பதைப் பற்றிச் செயலாளர் பிறகு சொல்வார். இப்போது கேள்வி நேரம். மூன்றாவது நாற்காலியில் இருக்கும் தம்பி, மாரியோவின் குட்டி டைனசார் யோஷி எப்போது வரும் என்று அரைமணி நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறான். ஒலிவாங்கியை முதலில் அவனிடம் கொடுங்கள்.