பீரோவுக்குள் இருக்கும் யூலிப் பாலிசி

நேயர்களுக்கு வணக்கம்.

என் சித்தப்பா கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2007-ம் வருஷம், 60 வயது நடக்கும்போது, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் யூலிப் பாலிசி எடுத்தார். யூலிப் என்றால் ஆயுள் காப்பும் சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி. வருஷத்துக்கு 20,000 ரூபாய் பிரீமியம், 4 லட்சம் ரூபாய் காப்புத் தொகை. பாண்டு, அதாவது பாலிசிப் பத்திரம், வீட்டுக்கு வந்த அன்று சித்தி அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டு பீரோவுக்குள் பத்திரப்படுத்தினார்.

விற்றவர் தெரிந்த பையன்தான். "மூணு வருஷம் கட்டினா போதும் சார், அப்புறம் அது பாட்டுக்கு வளரும்" என்று சொன்னான். சித்தப்பா சொன்னபடி மூன்று தவணை, 60,000 ரூபாய் கட்டினார். பிறகு வளரட்டும் என்று விட்டுவிட்டார். 2016-ல் தபாலில் ஒரு கடிதமும், ஏறக்குறைய 20,000 ரூபாய்க்கு ஒரு காசோலையும் வந்தன. பாலிசி முடித்து வைக்கப்பட்டது என்று கடிதத்தில் இருந்தது. அவர் தவணையை நிறுத்திய சமயத்தில் 17,000 சொச்சத்தில் இருந்த பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ், 2016 நடுவில் 27,000 பக்கம் வந்துவிட்டிருந்தது. சந்தை ஏறியிருக்கிறது, பணம் எப்படி மூன்றில் ஒரு பங்காகக் குறையும்? "இது என்னன்னு கொஞ்சம் பாரும்மா" என்று என்னிடம் நீட்டினார். நான் அப்போது வங்கியில் வேலையில் இருந்தேன்.

நீண்ட காலம் வைத்திருந்தால் யூலிப் நல்ல பலன் தரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் பொய் இல்லை. ஆனால் வைத்திருப்பது என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது சித்தப்பாவின் அந்த மஞ்சள் பையிலிருந்துதான்.

பைக்குள் வருஷா வருஷம் வந்த ஸ்டேட்மென்ட்டுகள் உறை பிரிக்காமல் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் பரப்பினேன். நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது நிதி மதிப்பு, அதாவது இன்றைக்கு எத்தனை ரூபாய் என்பதை. அதற்கு மேலே பொடி எழுத்தில் யூனிட்டுகளின் எண்ணிக்கை இருக்கும். நம் பணத்துக்கு நிதியில் கிடைக்கும் பங்குகளைத்தான் யூனிட் என்பார்கள். அதுதான் கதையைச் சொல்லியது. ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் கொஞ்சம் யூனிட்டுகள் குறைந்துகொண்டே வந்திருந்தன. பக்கத்தில் இரண்டு காரணங்கள்: பாலிசி நிர்வாகக் கட்டணம், மார்ட்டாலிட்டி சார்ஜ். முதலாவது மாதம் ஐம்பது அறுபது ரூபாய். இரண்டாவதுதான் பெரியது, அதுவும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது.

மார்ட்டாலிட்டி சார்ஜ் என்பது உயிருக்கான காப்புக்கு நாம் கொடுக்கும் விலை. அதற்குத் தனியாக பில் வராது. நம் யூனிட்டுகளையே மாதாமாதம் ரத்து செய்து எடுத்துக்கொள்வார்கள். வயது ஏற ஏற இது எப்படி ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இந்தியாவில் ஆயுள் காப்பீடு எடுத்தவர்களின் 2012-14 கால அனுபவத்தை வைத்துத் தயாரித்த இறப்பு விகித அட்டவணை ஒன்று இருக்கிறது. அதன்படி பார்த்தால், ஒரு லட்சம் ரூபாய் காப்புக்கு 30 வயதில் வருஷத்துக்கு ஏறக்குறைய 100 ரூபாய். 45 வயதில் 260. 60 வயதில் 1,100. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் போக்கு இதுதான். 60-ஐத் தாண்டினால் ஏற்றம் இன்னும் செங்குத்து.

இனி சித்தப்பாவின் கணக்குக்கு வாருங்கள். காப்பு 4 லட்சம். தவணையை நிறுத்தியபோது நிதியில் இருந்தது 50,000 சுமார். மீதி மூன்றரை லட்சத்துக்குக் கம்பெனி பொறுப்பு ஏற்கிறது, அந்த மூன்றரை லட்சத்துக்கு 63 வயதுக்காரரின் விலையை வசூலிக்கிறது. வருஷத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல். ஐம்பதாயிரம் ரூபாய் என்ன வளர்ந்தாலும் இந்தக் கழிவுக்கு ஈடு கொடுக்க முடியாது. பிரீமியம் வரத்து நின்றுவிட்டது, குழாய் மட்டும் திறந்தே இருக்கிறது. தொட்டி ஒரு வருஷப் பிரீமியத்தின் அளவுக்கு இறங்கியதும், விதிப்படி பாலிசியை மூடிவிட்டார்கள். பாண்டின் உள்பக்கங்களில் இதெல்லாம் அச்சடித்துத்தான் இருந்தது. மஞ்சள் தடவிய அந்தத் தாள்களை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. நானும்தான், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே.

அவர் அந்தப் பாலிசியை ஒன்பது வருஷம் வைத்திருந்தார். ஒன்பது வருஷமும் அது அவரைத் தின்றது.

அதே விதி வேறு ஒரு வீட்டில் எப்படி நன்மையாக மாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முப்பது வயதில் 10 லட்சம் ரூபாய் காப்போடு ஆரம்பித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நிதி 1 லட்சமாக இருக்கும்போது கம்பெனியின் பொறுப்பு 9 லட்சம். கழிவு வருஷத்துக்கு 900 ரூபாய் சுமார். விடாமல் கட்டிக்கொண்டே வந்து 45 வயதில் நிதி 9 லட்சம் ஆகிவிட்டால் கம்பெனியின் பொறுப்பு 1 லட்சம்தான். வயது ஏறியும் கழிவு 260 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. நிதி காப்புத் தொகையைத் தாண்டிவிட்டால் அந்தக் கழிவு ஏறக்குறைய இல்லாமலே போகும். நீண்ட காலம் வைத்திருப்பதன் அருமை இங்கேதான் இருக்கிறது. இளம் வயதில் தொடங்கி, தவணை தவறாமல், நிதி வேகமாக வளர்ந்து காப்பைத் துரத்திப் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. பாலிசிகள் இரண்டு வகை. இறந்தால் காப்புத் தொகை அல்லது நிதி, எது அதிகமோ அதைக் கொடுப்பது ஒரு வகை. நான் சொன்ன கணக்கு அதற்குத்தான். காப்புத் தொகையும் நிதியும் இரண்டும் சேர்த்துக் கொடுப்பது இன்னொரு வகை. அதில் கம்பெனியின் பொறுப்பு கடைசி வரைக்கும் முழு 10 லட்சம்தான். 60 வயதில் வருஷத்துக்கு 11,000 ரூபாய் கழியும். குடும்பத்துக்கு அவ்வளவு காப்பு தேவை என்றால் அது தவறே இல்லை. எந்த வகை தன் கையில் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். உங்கள் பாண்டை எடுத்து, இறப்புப் பலன் என்ற பத்தியைப் படியுங்கள். 'அல்லது' என்று இருக்கிறதா, 'மற்றும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பாலிசி தொடங்கிய தேதி. 2010 செப்டம்பர் 1 என்பது யூலிப்பில் ஒரு எல்லைக்கல். அதற்கு முன்னால் விற்ற பல பாலிசிகளில் முதல் வருஷப் பிரீமியத்தில் ஒரு பெரும் பங்கு, ஒதுக்கீட்டுக் கட்டணம் என்ற பெயரில் முதலீட்டுக்கே போகாமல் நின்றுவிடும். அதில் பெரும் பகுதி விற்றவரின் கமிஷன். பணத்தை எடுக்க முடியாத காலம் மூன்று வருஷம்தான், அதனால்தான் 'மூணு வருஷம் கட்டினா போதும்' என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. 2010-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை ஐந்து வருஷமாக்கியது. கட்டணங்களுக்கும் உச்சவரம்பு வைத்தது. நிதி ஈட்டிய வருமானத்துக்கும் நம் கைக்கு வரும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளி ஐந்தாம் வருஷ முடிவில் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பத்தாம் வருஷத்தில் 3 சதவீதத்துக்குள், பதினைந்தாம் வருஷத்திலிருந்து 2.25 சதவீதத்துக்குள். மார்ட்டாலிட்டி சார்ஜ் இந்தக் கணக்கில் சேராது.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே பாலிசியை ஐந்தாம் வருஷம் உடைத்தால் அதிக விலை கொடுத்தவர் நாம். பதினைந்து வருஷம் வைத்தால் அந்த விலை பரவலாகி இறங்கிவிடுகிறது. ஐந்து வருஷம் முடிந்ததும் ஏஜென்ட் ஒருவர் வந்து, "பழசை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு போட்டுடலாம்" என்று சொன்னால், கஷ்டப்பட்டு ஏறிய மேட்டிலிருந்து இறங்கி மறுபடியும் அடியிலிருந்து ஏறச் சொல்கிறார் என்று அர்த்தம். புதுப் பாலிசிக்குப் புது வயது, புதுக் கட்டணம், புதிதாக ஐந்து வருஷப் பூட்டு. கவுன்ட்டரில் உட்கார்ந்து இப்படி மூன்று முறை மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது.

சந்தை இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. எனக்கும் ஒரு யூலிப் உண்டு. 2012 ஏப்ரலில் தொடங்கியது, 15 வருஷம், தவணை 24,000 ரூபாய், காப்பு 2 லட்சத்து 40 ஆயிரம். 2020 பிப்ரவரியில் என் நிதி காப்புத் தொகையைத் தாண்டிவிட்டது, மார்ட்டாலிட்டி சார்ஜ் பூஜ்யம். மார்ச் 23-ம் தேதி ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் விழுந்து 25,981-க்கு வந்தது. ஊரடங்கு, வீட்டில் பயம். மகள் போனில், "அம்மா, மிச்சம் இருக்கிறதையாவது எடுத்துடலாம்மா" என்றாள். ஐந்து வருஷம் தாண்டிவிட்டதால் எடுக்கத் தடையில்லை. அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை என்பது நிஜம்.

எடுக்கவில்லை. ஏப்ரல் தவணையைக் கட்டினேன். பிப்ரவரியில் 31 ரூபாயாக இருந்த என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை, அப்போது 22. முந்தைய விலையில் 774 யூனிட் வாங்கியிருக்கும் 24,000 ரூபாய், அன்றைக்கு 1,090 யூனிட் வாங்கியது. நிதி காப்புத் தொகைக்குக் கீழே போனதால் மார்ட்டாலிட்டி சார்ஜ் மறுபடி எட்டிப் பார்த்தது, மாதம் முப்பது சொச்சம் ரூபாய். சந்தை எழுந்ததும் அது மறைந்தது. அந்த ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இதையெல்லாம் அதில் வரி வரியாகப் பார்க்கலாம்.

என்றாலும், விழுந்தது எழுந்துவிடும் என்று கடைசி வருஷம் வரைக்கும் எல்லாவற்றையும் பங்கு நிதியிலேயே விட்டுவைப்பது துணிச்சல் இல்லை, அசட்டை. பாலிசி முதிர்வது 2020 மார்ச் போன்ற ஒரு மாதமாக இருந்துவிட்டால்? அதனால் முதிர்வுக்கு மூன்று வருஷம் முன்னாலிருந்தே நான் கொஞ்சம் கொஞ்சமாக, ஏற்ற இறக்கம் குறைவான கடன் பத்திர நிதிக்கு மாற்றிக்கொண்டு வருகிறேன். ஸ்விட்ச் என்பார்கள். யூலிப்புக்குள்ளேயே மாற்றுவதால் அதற்கு வரி கிடையாது. வருஷத்தில் சில முறை கட்டணமும் இல்லை. இந்த வசதியை ஒரு முறைகூடப் பயன்படுத்தாதவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வரி பற்றிச் சுருக்கமாக. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரிச் சலுகை; 80சி என்று சொல்லிப் பழகியது இதைத்தான். தொடங்கிய சில வருஷத்துக்குள் நிறுத்தினால் வாங்கிய சலுகை திரும்பப் போகலாம். 2021 பிப்ரவரி 1 முதல் எடுத்த யூலிப்பில் வருஷப் பிரீமியம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் முதிர்வுத் தொகைக்கு வரி உண்டு. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை.

தவறான பாலிசியில் மாட்டிக்கொண்டோம் என்று தோன்றினால்? பாண்டு கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த நாள் கடந்துவிட்டால், ஐந்து வருஷத்துக்குள் நிறுத்தலாம், பணம் உடனே வராது. வருஷப் பிரீமியம் 50,000 வரை இருந்தால் முதல் வருஷம் நிறுத்துவதற்கான கழிவு அதிகபட்சம் 3,000 ரூபாய், பிறகு குறைந்துகொண்டே போய் ஐந்தாம் வருஷத்திலிருந்து ஒன்றும் இல்லை. நிறுத்திய பணம் தனி நிதியில் குறைந்தது 4 சதவீத வட்டியோடு ஐந்து வருஷம் முடியும் வரை இருக்கும். கொஞ்சம் இழந்து வெளியே வருவது அவமானம் இல்லை. வயதானவர்கள் பெரிய காப்போடு சின்னப் பிரீமியத்தில் எடுத்த பாலிசி என்றால், வைத்திருக்கச் சொல்லி நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். என் பாலிசியின் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், நான் திடீரென்று போயிருந்தால் என் குடும்பத்துக்கு எத்தனை மாதம் காணும்? யூலிப்பை மட்டும் நம்பிக் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள். சம்பாதிக்கும் வயதில் இருப்பவர்கள், முதலீடு இல்லாமல் உயிர்க்காப்பு மட்டும் தரும் டேர்ம் பாலிசி ஒன்றைத் தனியாக எடுங்கள். நான் அதை நாற்பது வயதிலேயே எடுத்திருந்தேன், அதனால்தான் 2020-ல் பதறாமல் தவணை கட்ட முடிந்தது.

சித்தப்பா இப்போது இல்லை. பென்ஷன் பணத்தில் மிச்சம் பிடித்துச் சித்தி தன் பேரன் படிப்புக்காக, மருமகள் பெயரில் ஒரு யூலிப் கட்டி வருகிறார். வருஷம் ஒரு முறை ஸ்டேட்மென்ட் வந்ததும் உறையைக் கிழித்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ரூபாய்க் கணக்குக்குப் போகவே மாட்டார். யூனிட் எண்ணிக்கையை மட்டும் பழைய நோட்டில் போன வருஷ எண்ணுக்குக் கீழே எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எனக்குப் போன் செய்வார்: "கூடியிருக்கு, பார்த்துட்டேன்."

வணக்கம்.